புளித்ததும் கெட்டதும்

இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை பள்ளிச் சேர்க்கையைப் பற்றியோ, வாடகை வீட்டைப் பற்றியோ, ஊருக்குச் செல்லும் வண்டியில் இடம் கிடைக்காததைப் பற்றியோ இருப்பது வழக்கம். இம்முறை மூன்று கடிதங்கள் சமையலறையிலிருந்து வந்திருக்கின்றன. மூன்றும் வெவ்வேறு பேட்டைகளிலிருந்து வந்தவையாயினும், கேட்பது ஒரே கேள்வியாக இருத்தலின், மூன்றுக்கும் சேர்த்தே இங்கு விடை கூறத் துணிந்தோம்.

முதற் கடிதம் கரோல்பாக்கிலிருந்து ஒரு சகோதரி எழுதியது. அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மையாரிடம் கற்றுக்கொண்டு, ஹோலிப் பண்டிகையை ஒட்டிக் கருங்காரட்டில் 'காஞ்ஜி' என்னும் புளிப்புப் பானம் போட்டிருக்கிறார். நான்காம் நாள் ஜாடியின் மேல் வெள்ளையாக ஓர் ஆடை படர்ந்திருந்தது. அடுத்த வீட்டம்மை, "எடுத்தெறிந்துவிட்டுக் குடியுங்கள்" என்கிறாராம். கணவரோ, "ஜாடியோடு கொட்டு" என்கிறாராம். எவர் சொல்லைக் கேட்பது?

இரண்டாவது, ராமகிருஷ்ணபுரத்தில் புதிதாகக் குடித்தனம் தொடங்கிய ஒரு பெண்மணியுடையது. ஜனவரி மாதத்தில் மாலை ஆறு மணிக்கு அரைத்து வைத்த இட்லி மாவு மறுநாள் காலையிலும் வைத்தது வைத்தபடியே இருந்ததாம். கெட்டுவிட்டதென்று எண்ணிச் சாக்கடையில் ஊற்றினார். இவ்வாறு மும்முறை நேர்ந்தது. ஊரிலிருந்து வந்திருந்த மாமியார், "இவள் கைக்கு மாவு பொங்காது" என்று நாலு பேர் நடுவில் சொன்னாராம். கடிதத்தின் பின்பாதி முழுவதும் அச்சொல்லைப் பற்றியதேயன்றி மாவைப் பற்றியதன்று.

மூன்றாவது கடிதத்தை எழுதியவர் ஓய்வு பெற்ற பெரியவர். மே மாதத்தில் அவர் வீட்டு மாவு நள்ளிரவுக்குள் பாத்திரத்தை விட்டு வழிந்து, விடிவதற்குள் மூக்கைத் துளைக்கும் புளிப்பாகிவிடுகிறது. மருமகள் கொட்டச் சொல்கிறார். பெரியவருக்கு மனம் வரவில்லை. "அன்னத்தை எறியலாமா?" என்று நம்மையே கேட்கிறார்.

புளிக்க வைத்த பொருள் பக்குவமாயிற்றா, கெட்டதா என்று அறிவது எப்படி என்பதே மூன்று கடிதங்களின் சாரம். அற்பக் கேள்வியென்று இதனைத் தள்ளிவிட முடியாது. தவறாகத் தீர்ப்பளித்தால் ஒரு புறம் காசும் உழைப்பும் சாக்கடையில் போகும். மறு புறம் குழந்தையின் வயிறு கெடும். இடையே, குற்றமற்ற ஒரு பெண்ணின் மீது பழியும் விழுகிறது.

நம் சொந்த ஊர்களில் இக்கேள்வி கடிதமாக எழுவதில்லை. பாட்டியோ அத்தையோ ஜாடியின் வேட்டை அவிழ்த்து ஒரு முறை முகர்ந்து பார்த்து, "இன்னும் ஒரு நாள் இருக்கட்டும்" என்றோ, "மாட்டுக்குக் கூட ஆகாது" என்றோ சொல்லிவிடுவார். வழக்கு அத்துடன் தீர்ந்தது. நாம் ரயிலேறி வடக்கே வந்தபோது அம்மிக் குழவியையும் ஆட்டுக்கல்லையும் கொண்டு வந்தவர்கள் உண்டு. அந்த மூக்கைக் கொண்டு வந்தவர் சிலரே. நம்மில் பலரும் கொண்டு வந்தது ஒரு மணிக்கணக்கு மட்டுமே: 'இரவு அரைத்தால் காலையில் இட்லி.'

அக்கணக்கு தஞ்சைக்கும் நெல்லைக்கும் பொருந்தும். அங்கே மார்கழியிலும் இரவுக் குளிர் பெரும்பாலும் இருபது டிகிரிக்கு மிகவும் கீழே இறங்குவதில்லை. டில்லியில் ஜனவரி இரவில் ஏழு டிகிரி என்பது வியப்பன்று. மே மாதப் பகலில் நாற்பதைத் தாண்டுவதும் வியப்பன்று. ஊர் மாறினால் கணக்கும் மாறும். மாறாதவை பொருளில் தோன்றும் அடையாளங்களே. ஊரிலிருந்து நாம் வாங்கி வர வேண்டியது மணிக்கணக்கை விட அவ்வடையாளங்களையே என்பது இம்மாதம் நாம் வற்புறுத்த விரும்பும் செய்தி.

அடையாளங்களைக் கூறுமுன், புளித்தல் என்பது யாது என்பதைச் சிறிது காண்போம். மாவும் காய்கறியும் தாமாகப் புளிப்பதில்லை. கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் அவற்றிலுள்ள சர்க்கரையையும் மாச்சத்தையும் உண்டு, அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகின்றன. அமிலத்தால் புளிப்பும், வாயுவால் பொங்குதலும் உண்டாகின்றன. அழுகலும் நுண்ணுயிரின் வேலையே. அது வேறு கூட்டத்தாரின் வேலை. ஒரே பாத்திரத்தில் இரு கூட்டத்தாரும் இருப்பர். எவர் முந்திக்கொண்டு இடத்தைப் பிடிக்கின்றனர் என்பதைப் பொறுத்தே நமக்கு இட்லியோ இழப்போ வாய்க்கிறது.

இவ்வுண்மையை உலகுக்கு விளக்கியவர்களுள் முதன்மையானவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர். 1856-ஆம் ஆண்டில் லீல் நகரத்தில் அவர் பேராசிரியராக இருந்தபோது, பீட்ரூட்டிலிருந்து சாராயம் எடுக்கும் ஆலைக்காரர் ஒருவர், தம் தொட்டிகளுள் சில காரணமின்றிப் புளித்துக் கெட்டுப்போவதாக முறையிட்டார். பாஸ்டர் நல்ல தொட்டியிலிருந்தும் கெட்ட தொட்டியிலிருந்தும் சிறிது எடுத்து நுண்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். நல்ல தொட்டியில் உருண்டையான ஈஸ்ட் அணுக்கள் இருந்தன. கெட்டதில் நீண்ட, குச்சி போன்ற வேறு உயிர்கள் காணப்பட்டன. அவை சாராயத்துக்குப் பதிலாக லாக்டிக் அமிலத்தை உண்டாக்கிக்கொண்டிருந்தன. மறு ஆண்டிலேயே லாக்டிக் புளிப்பைப் பற்றிய தம் கட்டுரையை அவர் வெளியிட்டார்.

1871-இல் அவர் லண்டனில் ஒரு பெரிய பீர் ஆலைக்குச் சென்ற செய்தி சுவையானது. ஆலைக்காரர்கள் பயன்படுத்திய ஈஸ்டில் ஒரு துளியை நுண்பெருக்கியில் பார்த்துவிட்டு, இன்னின்ன பீர் சரியாக அமைந்திராதே என்று அவர் கூறினார். அவர்கள் முதலில் தயங்கிப் பிறகு ஒப்புக்கொண்டனர். ஒரு வாரத்துக்குள் அவர் மீண்டும் சென்றபோது அவ்வாலையில் ஒரு நுண்பெருக்கி வாங்கி வைக்கப்பட்டிருந்தது. 1876-இல் பீரைப் பற்றி ஒரு நூலே எழுதினார்.

பீரைப் பற்றி இப்பகுதியில் பேச்செதற்கு என்று மூத்த அன்பர்கள் முகஞ் சுளிக்க வேண்டாம். உரிமமின்றி வீட்டில் மது காய்ச்சுவது நம் நாட்டில் பெரும்பாலான மாநிலங்களில் ஆயத்தீர்வைச் சட்டப்படி குற்றமாகும். அதனை நாம் பரிந்துரைக்கவில்லை. ஆனால் மேல்நாடுகளில் சட்டம் இடந்தருவதால் வீட்டிலேயே பீர் போடுவோர் பலர் உள்ளனர். 'இது கெட்டுவிட்டதா?' என்னும் கேள்வியை அவர்கள் நன்கு ஆராய்ந்து வைத்திருக்கின்றனர். அடியில் தங்கும் வண்டல் வேலை முடித்த ஈஸ்டேயாதலின் அதற்கு அவர்கள் அஞ்சுவதில்லை. இளம் பீரில் சில சமயம் தோன்றும் அழுகிய முட்டை போன்ற வாடை பல வேளைகளில் தானே தணிந்துவிடும் என்று காத்திருப்பார்கள். காடியின் நெடியும், நூல் போல் இழுபடும் வழுவழுப்பும், மேலே படரும் ஆடையும் வேண்டாத உயிர்கள் புகுந்துவிட்டதற்கு அறிகுறிகள் எனக் கொள்வர். நிறமும் ரோமமும் கொண்ட பூசணம் கண்டால் கொட்டிவிடுவர்.

இவற்றுள் நமக்குப் பயன்படுவன பல. ஒன்றை மட்டும் நினைவிற் கொள்க. கெட்ட பீர் பெரும்பாலும் நாவைத்தான் வருத்தும். உயிருக்கு உலை வைப்பது அரிது. அதிலுள்ள சாராயம், அமிலம், ஹாப்ஸ் என்னும் மலரின் கசப்பு ஆகிய மூன்றும் நோய்க் கிருமிகளை வளரவிடாமல் தடுக்கின்றன. நம் மாவுக்கும் காஞ்ஜிக்கும் சாராயக் காவலும் இல்லை, ஹாப்ஸ் காவலும் இல்லை. அமிலம் ஒன்றே பெருங் காவல்; காஞ்ஜிக்கு உப்பும் கடுகும் துணை நிற்கும். ஆகையால் பீர் போடுவோரை விட நாம் ஒரு படி கண்டிப்பாகவே இருத்தல் வேண்டும்.

நாம் பணிபுரிவது ரயில்வே பார்சல் ஆபீசில். மாம்பழக் கூடையொன்று நனைந்து, நசுங்கி வந்து சேருமாயின், உடனே கூடையைக் கிழித்துக் கையை விடுவதில்லை. முதலில் லேபிளைப் பார்ப்போம்: எந்த நாள் ஏற்றியது, எத்தனை நாள் வழியில் கிடந்தது. பிறகு கூடையைச் சுற்றிக் கசிவும் கறையும் உண்டா என்று நோக்குவோம். பிறகு வாடை. இவையெல்லாம் பார்த்த பின்னரே உரியவரை வைத்துக்கொண்டு 'ஓப்பன் டெலிவரி' என்று திறந்து எண்ணிப் பார்ப்பது. ஜாடிக்கும் இவ்வரிசையே தகும் என்பது நம் கருத்து. முதலில் நாள், அடுத்துக் கண், அடுத்து மூக்கு, அதன் பின் கரண்டி, எல்லாவற்றுக்கும் கடைசியில் நாக்கு. நம் வீடுகளில் பலரும் செய்வது இதற்கு நேர்மாறு: முதலில் ஒரு விரல் தொட்டு நாவில் வைத்துப் பார்க்கிறார்கள். கண்ணும் மூக்கும் தள்ளிவிட்ட பொருளை நாவுக்குக் காட்டவே கூடாது.

இனி முதற் கடிதத்துக்கு வருவோம். காஞ்ஜியை அறியாத வாசகர்களுக்காக ஒரு சொல்: பெயர் நம் கஞ்சியை ஒத்திருப்பினும் பொருள் வேறு. குளிர்காலத்தில் இங்கே கிடைக்கும் 'காலி காஜர்' என்னும் கருங்காரட் அரைக் கிலோவை விரல் நீளத்துக்கு நறுக்கி, காய்ச்சி ஆறிய தண்ணீர் இரண்டு லிட்டரில் இட்டு, கரகரப்பாகப் பொடித்த கடுகு இரண்டு மூன்று மேசைக் கரண்டியும், உப்பு இரண்டு மேசைக் கரண்டியும், சிறிது மிளகாய்ப் பொடியும் சேர்த்து, கண்ணாடி அல்லது பீங்கான் ஜாடியின் வாயில் துணியால் வேடு கட்டி வெயிலில் வைப்பார்கள். நாளுக்கொரு முறை உலர்ந்த மரக்கரண்டியால் கிளறுவார்கள். வெயிலுக்கேற்ப மூன்று முதல் ஐந்து நாட்களில், கடுங்குளிராயின் ஒரு வாரத்தில், ஆழ்ந்த செவ்வூதா நிறத்தில், கடுகின் காரமும் தெளிந்த புளிப்பும் கூடிய பானமாகும். பாசிப்பருப்பு வடையை அதில் ஊறப் போட்டு 'காஞ்ஜி வடா' என்று பரிமாறுவதும் உண்டு. நம்மூரில் உப்பு நீரில் வடுமாங்காய் ஊறுவதற்கும் இதற்கும் உறவு நெருக்கமானது.

மேலே தோன்றிய ஆடையைப் பற்றி: அது வெள்ளையாக, தட்டையாக, சில சமயம் சுருக்கம் விழுந்த பட்டுத் துணி போல் இருப்பின், காற்றுப் படும் மேற்பரப்பில் வளரும் ஒருவகை ஈஸ்ட் அது. பெரும்பாலும் தீங்கற்றது, ஆனால் நாளானால் சுவையைக் கெடுக்கும். சுத்தமான கரண்டியால் அதனை முழுவதும் நீக்குக. அடியிலுள்ள நீரை முகர்ந்து பார்க்க. கடுகும் புளிப்பும் மட்டுமே மணந்தால் வடிகட்டிக் குளிர்பெட்டியில் வைத்துச் சில நாட்களுக்குள் பருகிவிடலாம். இவ்வளவில் அடுத்த வீட்டம்மை கூறியது சரி.

அந்த ஆடையே பஞ்சு போல் எழும்பி, ரோமம் போல் நின்று, பச்சை, கறுப்பு, நீலம், இளஞ்சிவப்பு ஆகிய நிறங்களுள் ஒன்றைக் காட்டுமாயின், அது பூசணமோ வேறு வேண்டாத வளர்ச்சியோ ஆகும். அப்போது கணவர் கூறியது சரி. கரண்டியால் எடுக்கையில் பானம் எண்ணெய் போலும் நூல் போலும் இழுபட்டாலும், அழுகல் நாற்றம் வந்தாலும், வெயிலில் ஒரு வாரம் வைத்தும் புளிப்பே ஏறாதிருந்தாலும் கொட்டிவிடுவதே முறை. இவ்வகைப் பானத்தில் புளிப்பு ஏறாமை என்பது காவற்காரன் வரவில்லை என்பதற்குச் சமம். அன்றியும், புளிக்கும் பொருளை இறுக மூடிய கண்ணாடிப் புட்டியில் வைக்கலாகாது. உள்ளே சேரும் வாயு புட்டியை வெடிக்கச் செய்யும்.

இரண்டாம் கடிதத்துக்கு விடை கூறுமுன் அதை எழுதிய சகோதரிக்கு ஒன்று சொல்வோம்: அம்மா, உமது கையில் குற்றமில்லை. 1965-ஆம் ஆண்டில் இட்லி மாவை ஆராய்ந்த விஞ்ஞானிகள், மாவைப் பொங்க வைப்பதில் பெரும்பங்கு லியூகோனாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்னும் நுண்ணுயிருக்கு உரியது என்று எழுதினர். உளுந்தோடும் அரிசியோடும் அவ்வுயிர்கள் தாமே வந்து சேர்கின்றன. ஊறும்போதே பெருகத் தொடங்குகின்றன. அவற்றுக்கு உகந்த வெப்பம் ஏறத்தாழ இருபத்தைந்து முதல் முப்பத்திரண்டு டிகிரி வரை. ஏழு டிகிரியில் அவை இறப்பதில்லை, உறங்குகின்றன. உறங்குபவரை இறந்தவரென்று கருதி எடுத்துச் சென்றதைப் போன்றதே நீர் மும்முறை செய்தது. 'கைராசி' என்னும் சொல்லை மாமியார் சொன்னதும் அவருடைய ஊர்க் கணக்கைக் கொண்டுதான். அவரே டில்லியில் ஒரு தை மாதம் தம் கையால் அரைத்து வைத்துப் பார்த்தால் அச்சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்.

செய்ய வேண்டியது இது. அரைப்பதற்கு வெதுவெதுப்பான நீரைப் பயன்படுத்துக. சென்ற முறை நன்கு பொங்கிய மாவில் ஒரு கரண்டி மிச்சம் இருப்பின் கலக்குக; அது தயிருக்கு உறை ஊற்றுவது போல. பாத்திரத்தைப் பழைய கம்பளியாலோ ரஜாயாலோ சுற்றி, கொதிநீர் நிறைந்த ஒரு பாத்திரத்துடன் சேர்த்துச் சிறு அலமாரிக்குள் மூடி வைக்கலாம். பகலில் வெயில் விழும் சன்னலோரம் நல்லது. பதினெட்டு மணி, இருபத்துநான்கு மணி ஆயினும் பொறுத்திருக்க. பொழுது விடிந்ததா என்று பாராமல் அடையாளத்தைப் பார்க்க: கரண்டியால் பிளந்தால் உள்ளே தேன்கூடு போல் காற்றறைகள் தெரிய வேண்டும், மோரை ஒத்த இளம் புளிப்பு மணக்க வேண்டும், ஒரு துளி மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். இம்மூன்றும் இல்லாமல், தீய வாடையும் நிறமும் கூட இல்லாமல் இருப்பின், மாவு கெடவில்லை, ஆகவுமில்லை; வெப்பமான இடத்துக்கு மாற்றுக, அல்லது அன்றைக்கே தோசையாக வார்த்து முடித்துவிடுக. வெப்பமான இடத்தில் ஒரு நாள் முழுதும் இருந்தும் புளிப்பின்றி, அழுகிய பருப்பின் நாற்றம் மட்டும் எழுமாயின் அப்போதே கொட்டுதல் தகும்.

பெரியவரின் கடிதம் நம்மைச் சிந்திக்க வைத்தது. அன்னத்தை எறியலாகாது என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். மாதக் கடைசியில் அரிசி டப்பாவின் அடி தெரியும் குடும்பங்களுக்கு அது அறம் மட்டுமன்று, கணக்கும் ஆகும். ஆகவே அவருடைய தயக்கத்தை நாம் மதிக்கிறோம். முதலில் அவருக்கு ஆறுதலான செய்தி: வழிந்து ஓடுவது கெட்டதற்கு அடையாளமன்று, மேலே நீர் தெளிந்து பிரிவதும் அன்று, கடும் புளிப்பும் தனியே ஒரு குற்றமன்று. வாடை சுத்தமான புளிப்பாகவும், நிறம் மாறாமலும் இருந்தால், வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டு ஊத்தப்பமாகவோ குழிப்பணியாரமாகவோ செய்துவிடலாம். மருமகளுக்கும் ஒரு வார்த்தை: இவ்வளவும் சரியாக இருக்கையில் கொட்டுவது வீண்.

ஆனால் புளிப்பைத் தாண்டி, மூக்கு தானே விலகிக்கொள்ளும் அழுகல் வாடை எழுந்தாலோ, இளஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ ஒரு புள்ளி தோன்றினாலோ, அவ்விடத்தில் அன்னம் என்னும் பெயரை அது இழந்துவிட்டது. அதனை எறிவது பாவமன்று. வயிற்றுக்குள் எறிவதே பாவம். அன்னத்துக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை அதற்கு முந்திய கட்டத்தில் இருக்கிறது. கோடையில் ஒரு வாரத்துக்கு அரைக்காமல் இரண்டு நாளைக்கு மட்டும் அரைக்க வேண்டும். குளிர்ந்த நீர் ஊற்றி அரைக்க வேண்டும். நான்கைந்து மணி நேரத்திலேயே பொங்கிவிடுமாதலின், படுக்கப் போகுமுன் பார்த்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் பேட்டைகளில் குளிர்பெட்டியையும் முழுக்க நம்பலாகாது.

பூசணத்தைப் பற்றித் தனியே ஒரு பத்தி எழுதியாக வேண்டும்; ஏனெனில் நம் வீடுகளில் மேலாக வழித்தெறிந்துவிட்டு மிச்சத்தை உண்ணும் வழக்கம் இன்னும் இருக்கிறது. மேலே தெரியும் பூ அதன் ஒரு பகுதியே; நூலினும் நுண்ணிய இழைகள் உள்ளே ஓடியிருக்கும். சில பூசணங்கள் விளைவிக்கும் நஞ்சு சாதாரணச் சமையற் கொதியில் முழுவதும் அழிவதில்லை. 1974-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ராஜஸ்தானத்தின் பான்ஸ்வாரா மாவட்டத்தையும் குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டத்தையும் சேர்ந்த கிராமங்களில் மஞ்சட்காமாலை பரவி நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். காலமல்லாக் காலத்து மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தில் உண்டான அஃப்லடாக்சின் என்னும் நஞ்சே காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதினர். அவ்வேழைகள் வேறு தானியம் வாங்க வழியின்றி அதனை உண்டனர். நமக்கோ பெரும்பாலும் வழி இருக்கிறது. ஒரு படி மாவின் விலைக்கும் ஒரு ஜாடி ஊறுகாயின் விலைக்கும் அஞ்சி, அவர்களுக்கு வாய்க்காத அத்தேர்வை நாம் கைவிடலாகாது. மாவானாலும், ஊறுகாயானாலும், காஞ்ஜியானாலும், ரோமம் பூத்த பூசணம் கண்டால் வழித்தெடுத்தல் வேண்டா, முழுவதும் கொட்டுக.

இவ்வளவும் கூறிய பின் ஓர் எச்சரிக்கையும் உண்டு. கண்ணும் மூக்கும் நல்ல நீதிபதிகளே. ஆனால் அவர்களிடம் வராத குற்றங்களும் உண்டு. நோய் தரும் கிருமிகள் பல நிறமும் காட்டா, நாற்றமும் தாரா. ஆகையால் கெட்ட வாடை இல்லையென்பது மட்டுமே நற்சான்று ஆகாது. அவற்றைத் தடுப்பவை தொடக்கத்திலேயே செய்யப்படும் சிறு காரியங்கள்: கை கழுவுதல், காய்ச்சி ஆறிய நீரையே பயன்படுத்தல், மழைக்காலத்தில் இது மிகவும் அவசியம், உப்பைக் குறைக்காதிருத்தல், காய் முழுவதும் நீருக்குள் அமிழ்ந்திருக்கச் செய்தல், ஈரக் கரண்டியை உள்ளே விடாதிருத்தல். பரிசோதனை செய்து பார்க்க விரும்புவோருக்கு, அமிலத்தின் அளவைக் காட்டும் பி.எச். தாள் என்பது மருந்துக் கடைகள் சிலவற்றில் கிடைக்கிறது. ஊறிய பொருள் 4.6 என்னும் எண்ணுக்குக் கீழே இறங்கியிருந்தால், ஆபத்தான கிருமிகள் சில அதில் வளர இயலாது. நன்கு புளித்த இட்லி மாவும் பெரும்பாலும் இதற்குக் கீழேயே இருக்கும். கைக்குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும், நோயிலிருந்து எழுந்தவருக்கும் ஐயத்துக்கு இடமான எதனையும் கொடுக்க வேண்டா.

பாத்திரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து வந்த பித்தளைப் பாத்திரம் அழகாக இருக்கிறதென்று அதில் புளிப்பை வைக்கலாகாது. ஈயப் பூச்சு தேய்ந்திருந்தால் அமிலம் பட்டுக் களிம்பு ஏறும். அது நுண்ணுயிரின் குற்றமன்று, நம் குற்றம். பீங்கான், கண்ணாடி, எவர்சில்வர் ஆகியவை நல்லவை.

கடைசியாக, ஜாடியின் கழுத்தில் ஒரு சீட்டுக் கட்டுக. போட்ட தேதியும் அன்றைய வெயிலும் அதில் இருக்கட்டும். என்றைக்குக் குமிழி தோன்றியது, என்றைக்குப் புளித்தது, எவ்வாறு மணந்தது என்பதை ஒவ்வொரு வரியாகக் குறித்து வருக. லேபிள் இல்லாத பார்சலைப் பற்றி எவராலும் நியாயம் பேச முடியாது. தேதி இல்லாத ஜாடியும் அத்தகையதே. ஓராண்டு இவ்வாறு எழுதி வந்தால், டில்லியின் ஆறு பருவங்களுக்கும் உரிய கணக்கு உங்கள் கையிலேயே இருக்கும். நாளை உங்கள் மகளோ மருமகளோ இவ்வூரில் அல்லது இதனினும் குளிர்ந்த ஓர் ஊரில் குடித்தனம் தொடங்கும்போது, அவள் கைராசியைப் பற்றி எவரும் பேச வேண்டியிராது. அந்தச் சீட்டுகளை எடுத்துக் கொடுத்தால் போதும்.

இவ்வூர்க் குளிரிலும் வெயிலிலும் மாவும் ஊறுகாயும் பக்குவப்படுத்தத் தாங்கள் கண்ட முறைகளை வாசக சகோதரிகள் எழுதி அனுப்புவார்களாக. பயனுள்ளவற்றை அடுத்த இதழில் வெளியிடுவோம்.